பூச்சிப் பெயர்களின் வரலாறு: தலைப்புப் பக்கத்து ஆண்டும் வெளிவந்த ஆண்டும்

ஒரே பூச்சிக்கு இரண்டு அறிஞர்கள், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமல், வெவ்வேறு பெயர்களைச் சூட்டிவிட்டால், அவற்றுள் முதலில் அச்சாகி வெளிவந்த பெயரே செல்லும் என்பது விலங்கியல் பெயரிடலின் அடிப்படை விதியாகும். முந்துரிமை என்று வழங்கும் இந்த விதி கேட்பதற்கு எளியது. ஆனால் அது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாளைக் கேட்கிறது. அந்த நாள் பழைய நூல்கள் பலவற்றில் எழுதப்பட்டிருப்பதில்லை. எழுதப்பட்டிருக்கும் இடங்களிலும் எல்லா நேரமும் உண்மையாக இருப்பதில்லை. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் பெரிய பூச்சி நூல்கள் பல, சந்தா செலுத்தியவர்களுக்குச் சிறுசிறு பகுதிகளாகப் பல ஆண்டுகள் அனுப்பப்பட்டுப் பின்னர் தொகுதிகளாகக் கட்டப்பட்டவை. அவற்றின் தலைப்புப் பக்கத்தில் காணும் ஆண்டு சில நூல்களில் முதற்பகுதி வந்த ஆண்டாகவும், வேறு சிலவற்றில் கடைசிப் பகுதி வந்த ஆண்டாகவும், இன்னும் சிலவற்றில் ஆசிரியர் முன்னுரை எழுதி முடித்த ஆண்டாகவும் இருக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்த்து ஒவ்வொரு தாளும் வெளிவந்த காலத்தைக் கண்டறிந்த உழைப்பும், அதனால் பெயர்கள் நிலைபெற்றதும் இடம்பெயர்ந்ததுமான கதையும் இப்பகுதியில் கூறப்படுகின்றன.

விலங்குகளின் பெயர்களுக்குத் தொடக்க நாள் 1758 ஜனவரி 1. லின்னேயஸின் ‘சிஸ்டமா நாத்துரே’ பத்தாம் பதிப்பு அந்த நாளில் வெளிவந்ததாகக் கொள்ள வேண்டும் என்று பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு ஆணையிடுகிறது. எங்கோ ஓரிடத்தில் கோடு கிழித்தாக வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு விலக்கு வேண்டியிருந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் கிளர்க் 1757-இல் வெளியிட்ட சிலந்தி நூல் இரட்டைப் பெயரிடு முறையைச் சீராகக் கையாண்டிருந்தும், கோட்டுக்கு அப்பால் ஓராண்டு தள்ளி நின்றது. அதைக் கைவிட மனமில்லாத சிலந்தியியலார் வேண்டியதன் பயனாக, கிளர்க்கின் நூலும் 1758 ஜனவரி 1-இல் வெளிவந்ததாகவும், லின்னேயஸின் நூலுக்கு அது முற்பட்டதாகவும் கொள்ளப்படும் என விதித்தொகுப்பில் எழுதப்பட்டுள்ளது. நாள் என்பது இத்துறையில் எத்தனை கனமுள்ள செய்தி என்பதற்குத் தொடக்கப் புள்ளியே சான்றாக நிற்கிறது.

நாள் முழுமையாகத் தெரியாத நூல்களுக்கு விதித்தொகுப்பு ஒரு கடுமையான முறையை வகுத்திருக்கிறது. நூலில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாளும், ஆண்டு மட்டும் இருந்தால் டிசம்பர் 31-உம் வெளியீட்டு நாளாகும். அதற்கு முன்பே நூல் பிறர் கையில் இருந்தது என்று யாரேனும் மெய்ப்பித்தால், மெய்ப்பிக்கப்பட்ட அந்த முதல் நாள் ஏற்கப்படும். நூலில் அச்சிட்டிருக்கும் நாள் தவறு என்று காட்டினாலும் அவ்வாறே. இதனால் ஒரு நூலகம் நூலைப் பெற்றுக்கொண்டு குத்திய முத்திரை, ஓர் இதழில் வந்த மதிப்புரை, ஒரு சங்கத்தின் கூட்டக் குறிப்பில் ‘நன்கொடையாக வந்த நூல்கள்’ என்ற பட்டியலில் உள்ள ஒரு வரி ஆகியவை பெயரின் உரிமையைத் தீர்மானிக்கும் சான்றுகளாகிவிடுகின்றன. இரண்டு பெயர்கள் ஒரே நாளில் வெளிவந்தவையாகத் தோன்றினால், அவற்றை முதலில் ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்த பிற்கால அறிஞரின் தேர்வே செல்லும். அவரை முதல் திருத்துநர் என்பர்.

பூச்சி நூல்களில் பெயருக்குப் பின்னால் ‘ஹூப்னர், [1819]’ என்று ஆண்டு சதுர அடைப்புக்குறிக்குள் நிற்பதை வாசகர் கண்டிருக்கலாம். அந்த ஆண்டு நூலில் இல்லை, வெளிச்சான்றைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது என்பதே அந்தக் குறியின் பொருள். அதைச் சுற்றி வளைந்த அடைப்புக்குறியும் இருந்தால், சிற்றினம் முதலில் வைக்கப்பட்ட பேரினத்திலிருந்து வேறொன்றுக்கு மாற்றப்பட்டுவிட்டது என்று பொருள். இரண்டு குறிகளையும் ஒன்றாக எண்ணிச் சதுரக் குறியை நீக்கிவிடும் பதிப்பாசிரியர்கள் இன்றும் உண்டு. அவர்கள் நீக்குவது ஒரு நிறுத்தற்குறியை மட்டுமன்று, ஒருவர் பல ஆண்டுகள் தேடிக் கண்ட முடிவையும்தான்.

முந்துரிமை விதி மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட ஆண்டு 1775. அந்த ஓராண்டில் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றிய பல நூல்கள் ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களில், ஒன்றையொன்று அறியாமல் வெளிவந்தன. ஃபிளென்ஸ்புர்க்கிலும் லைப்சிக்கிலும் ஃபேப்ரீசியஸின் ‘சிஸ்டமா எண்ட்டமாலஜியே’ வந்தது. வியன்னாவில் தெரேசியானும் கல்லூரியின் ஆசிரியர்கள் சிலர் வெளியிட்டதாக மட்டும் குறித்து, ஆசிரியர் பெயர் இல்லாமல், அந்நகரைச் சூழ்ந்த பகுதியின் பூச்சிப் பட்டியல் ஒன்று வந்தது. ஹாலே நகரின் ‘டேர் நாட்டூர்ஃபோர்ஷர்’ என்ற இதழில் ரோட்டெம்புர்க் தொடர்ச்சியாகக் குறிப்புகள் எழுதினார். சுவிட்சர்லாந்தில் ஃபூஸ்லியின் பட்டியல் அச்சானது. ஆம்ஸ்டர்டாமில் பீட்டர் கிராமரின் பெரிய வண்ணப்பட நூல் தன் முதற்பகுதிகளை வெளியிடத் தொடங்கியது. ஆண்டை மட்டும் கொண்டு பார்த்தால் எல்லாம் 1775 டிசம்பர் 31 என்ற ஒரே நாளில் வந்து நிற்கும். ஒரே பூச்சிக்கு இரண்டு மூன்று பெயர்கள் சமமாக உரிமை கோரும்.

இவற்றுள் ஃபேப்ரீசியஸின் நூலுக்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. லின்னேயஸிடம் பயின்ற இந்த டேனிஷ் அறிஞர், ஐரோப்பாவின் சேகரிப்புகளைத் தேடித் தேடிப் பார்த்துப் பெயரிட்டவர்; லண்டனில் ஜோசப் பேங்க்ஸ் வைத்திருந்த, கேப்டன் குக்கின் முதற்பயணத்தில் சேர்ந்த பூச்சிகள் அவருக்கு ஆஸ்திரேலிய இனங்களைத் தந்தன. லின்னேயஸின் இன்னொரு மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக், டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1768-இல் மிஷன் மருத்துவராக வந்து சேர்ந்தவர். அவர் சேகரித்த சோழமண்டலக் கரைப் பூச்சிகள் ஃபேப்ரீசியஸின் மேசைக்குச் சென்றன. இன்று தமிழ்நாட்டுப் பருத்தி வயல்களில் வெடித்த காய்களின் மேல் கூட்டமாக மொய்க்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சியின் அறிவியல் பெயர் டிஸ்டெர்கஸ் கோனிகி. அந்தப் பெயரை 1775 நூலில் சூட்டியவர் ஃபேப்ரீசியஸ், அதில் நினைவுகூரப்படுபவர் தரங்கம்பாடி மருத்துவர்.

கிராமரின் நூலும் சோழமண்டலக் கரையைக் கண்ட நூலே. ஆம்ஸ்டர்டாமின் துணி வணிகரான கிராமர், டச்சு வணிகர்களும் மாலுமிகளும் ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய மூன்று கண்டங்களிலிருந்து கொண்டுவந்த பூச்சிகளை ஓவியரைக் கொண்டு எழுதச் செய்து, 400 படத்தாள்களோடு வெளியிடத் திட்டமிட்டார். பகுதிகள் 1775-இல் வரத் தொடங்கின. 1776-இல் கிராமர் இறந்துவிட, காஸ்பர் ஸ்டோல் பணியைத் தொடர்ந்து 1782-இல் முடித்தார். நான்கு தொகுதிகளாகக் கட்டப்பட்டபோது சேர்ந்த தலைப்புப் பக்கங்களோ 1779 முதலான ஆண்டுகளைக் காட்டுகின்றன. அந்தப் பக்கத்தை மட்டும் நம்பியவர்கள் கிராமரின் முதற்பெயர்களுக்கு நான்கு ஆண்டு மூப்பைக் குறைத்துவிட்டார்கள். பகுதிகளின் வரிசையை அறிந்தவர்கள் அவற்றுக்கு [1775] என்று அடைப்புக்குறி இட்டார்கள்.

கொன்றை மரத்து இலைகளில் புழுவாக வளர்ந்து, மழைக்குப் பின் ஊர்தோறும் வெண்மஞ்சளாகக் கூட்டமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சி ஒன்று இந்த நாள் வழக்கில் நேராகச் சிக்கியது. ஃபேப்ரீசியஸ் 1775 நூலில் ஆஸ்திரேலியப் பூச்சி ஒன்றுக்குப் போமோனா என்று பெயரிட்டார். கிராமர் தம் முதல் தொகுதியில் குரோகாலே என்று ஒன்றைப் பெயரிட்டார். இந்தியாவில் இவை இரண்டும் தனித்தனிச் சிற்றினங்களாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டன. விண்ட்டர்-பிளைத் 1957-இல் வெளியிட்ட இந்திய வண்ணத்துப்பூச்சி நூலிலும் இரண்டும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. இரண்டும் ஒரே சிற்றினத்தின் வேறுபட்ட வடிவங்களே என்பது உறுதியானபோது, எந்தப் பெயர் நிற்க வேண்டும் என்பது பூச்சியியல் கேள்வியாக இல்லாமல் அச்சக வரலாற்றின் கேள்வியாக மாறியது. ஃபேப்ரீசியஸின் நூல் அந்த ஆண்டின் ஏப்ரலில் வெளிவந்துவிட்டது. கிராமரின் பகுதி பிற்பட்டது. ஆகவே கட்டோப்சிலியா போமோனா நிலைபெற்றது; குரோகாலே அதன் இணைப்பெயராக, அதாவது ஒரே இனத்துக்கு வழங்கிய மற்றொரு பெயராகப் பட்டியலில் இறங்கியது. தமிழ்நாட்டில் பறக்கும் பூச்சியின் செல்லும் பெயர் ஆஸ்திரேலியக் கரையில் பிடிபட்ட ஒரு மாதிரியின் பெயராக இருப்பதற்கு ஏப்ரல் என்ற அந்த மாதமே காரணம்.

வியன்னா நூலின் சிக்கல் வேறு வகையானது. மைக்கேல் டெனிஸும் இக்னாஸ் ஷிஃபர்மில்லரும் எழுதியதாகக் கொள்ளப்படும் அந்தப் பட்டியல் இரண்டு தலைப்புகளோடு கிடைக்கிறது. 1775 என்று குறித்த படிகள் ‘வியன்னாப் பகுதி வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய முறைப்படியான நூலின் முன்னறிவிப்பு’ என்ற பொருள்படும் தலைப்பையும், 1776 என்று குறித்த படிகள் ‘முறைப்படியான பட்டியல்’ என்ற பொருள்படும் தலைப்பையும் கொண்டவை. உள்ளே இருப்பது ஒரே நூல்தான். 1776 படியை மட்டும் கண்ட அறிஞர்கள் நூலையே ஓராண்டு பின்னால் வைத்தார்கள். 1775 படி இருப்பது தெரிந்த பின்பும், அது ரோட்டெம்புர்க்கின் கட்டுரைகளுக்கு முன் வந்ததா பின் வந்ததா என்ற கேள்வி எஞ்சியது. ஐரோப்பாவின் சுண்ணாம்புக் குன்றுகளில் பறக்கும் பளிச்சென்ற நீல வண்ணத்துப்பூச்சிக்கு ரோட்டெம்புர்க் பெல்லார்கஸ் என்றும், வியன்னா ஆசிரியர்கள் அடோனிஸ் என்றும் பெயரிட்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்கள் பலவற்றில் அடோனிஸ் என்ற பெயரே வழங்கியது. ஆங்கிலேயர் தம் பேச்சில் அந்தப் பூச்சியை இன்றும் அடோனிஸின் பெயராலேயே அழைக்கிறார்கள். அறிவியல் பட்டியலிலோ அது பாலியொம்மாட்டஸ் பெல்லார்கஸ்.

இப்படிப்பட்ட இணைகள் ஒன்றிரண்டல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனியே வழக்காடித் தீர்ப்பது முடியாத காரியம் என்று உணர்ந்த பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையம், 1958-இல் வெளியிட்ட 516-ஆம் தீர்ப்பில், கிராமர், டெனிஸ்-ஷிஃபர்மில்லர், ஃபேப்ரீசியஸ், ஃபூஸ்லி, ரோட்டெம்புர்க் ஆகியோரின் 1775 நூல்களுக்கு இடையே எது எதற்கு முந்தியது என்ற வரிசையைத் தன் சிறப்பதிகாரத்தால் நிறுவியது. வரலாற்றுச் சான்று முழுமையாகக் கிடைக்காத இடத்தில் ஆணையம் ஒரு முடிவை விதித்தது சரியே. நூல்கள் வந்து 183 ஆண்டுகள் கழிந்த நிலையில் புதிய சான்று வரும் வரை காத்திருப்பது, பெயர்களைப் பயன்படுத்தும் தலைமுறைகள் எல்லாவற்றையும் தண்டிப்பதாகவே இருந்திருக்கும்.

பகுதிகளாக வெளிவந்த நூல்களுள் மிகுந்த தொல்லை தந்தவை ஆக்ஸ்பர்க் நகரின் யாக்கோப் ஹூப்னருடையவை. பருத்தித் துணி ஆலையில் வடிவமைப்பாளராகவும் செதுக்கோவியராகவும் பணியாற்றிய ஹூப்னர், 1796 முதல் 1826-இல் இறக்கும் வரை ஐரோப்பியப் பூச்சிகளையும் அயல்நாட்டுப் பூச்சிகளையும் படத்தாள்களாகச் செதுக்கி வண்ணம் தீட்டி விற்றுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின் கார்ல் கையர் தொடர்ந்தார். படத்தாள்களில் பூச்சியின் பெயர் இருந்தது, வரிசை எண் இருந்தது, ஆண்டு மட்டும் இல்லை. வாங்கியவர்கள் தாள்களைத் தங்கள் விருப்பப்படி வரிசைப்படுத்திக் கட்டிக்கொண்டார்கள். தக்காளி, கொண்டைக்கடலை, பருத்தி, துவரை எனப் பயிர் பலவற்றின் காய்களைத் துளைத்துத் தமிழ்நாட்டு உழவர்களை வாட்டும் பச்சைக்காய்ப்புழுவுக்கு ஆர்மிஜெரா என்ற பெயர் வந்தது இத்தகைய ஒரு படத்தாளிலிருந்துதான். அதன் ஆண்டு சில நூல்களில் 1808 என்றும் சிலவற்றில் 1809 என்றும் இன்றும் வேறுபட்டு நிற்பதற்கு அந்தத் தாளின் அடியில் இல்லாமற்போன ஒரு வரியே காரணம்.

இவற்றுக்கும் மேலாகப் பெயர்வரலாற்றைப் பாதித்தது, ‘அறியப்பட்ட வண்ணத்துப்பூச்சிகளின் பட்டியல்’ என்று பொருள்படும் தலைப்புடைய ஹூப்னரின் நூல். 431 பக்கங்கள் கொண்ட இதில் நூற்றுக்கணக்கான புதிய பேரினப் பெயர்கள் முன்வைக்கப்பட்டன. தென்னிந்தியாவில் பறக்கும் பூச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் டெலியாஸ், ஜூனோனியா, கட்டோப்சிலியா, யூரேமா, ஹெபோமோயா, ஹைப்போலிம்னாஸ் என்று வரிசை நீள்கிறது. தலைப்புப் பக்கத்தில் 1816 என்று தெளிவாக இருந்ததால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பட்டியலாளர்கள் பலர் எல்லாப் பெயர்களுக்கும் 1816 என்றே எழுதினார்கள். ஆனால் நூல் அச்சானது ஃபாரம் ஃபாரமாக. அதாவது ஒரு பெரிய தாளின் இருபுறமும் அச்சிட்டு மடித்தால் வரும் 16 பக்கங்கள் ஒரு ஃபாரம். இப்படி ஏறத்தாழ 27 ஃபாரங்கள், பத்தாண்டு இடைவெளியில், காசும் நேரமும் கிடைத்தபோதெல்லாம் அச்சாகி வெளிவந்தன.

இந்தப் புதிரை விடுவித்தவர் ஃபிரான்சிஸ் ஹெம்மிங். பிரிட்டிஷ் அரசின் உயர் அலுவலராகப் பணியாற்றியபடியே வண்ணத்துப்பூச்சிப் பெயர்களை ஆராய்ந்த அவர், பின்னாளில் பெயரிடல் ஆணையத்தின் செயலாளராக இருபதாண்டுக்கு மேல் பணிபுரிந்தவர். ஹூப்னர் விட்டுச்சென்ற கையெழுத்துத் தாள்களையும், நூல்களின் எஞ்சிய படிகளையும், சமகால மேற்கோள்களையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு ஃபாரமும் படத்தாளும் வெளிவந்த காலத்தைக் குறித்து 1937-இல் இரண்டு தொகுதிகளாக அவர் வெளியிட்ட ஆய்வு இன்றளவும் அடிப்படையாக நிற்கிறது. அதன்படி தலைப்புப் பக்கத்து ஆண்டான 1816 முதல் ஃபாரத்துக்கு மட்டுமே பொருந்தும். டெலியாஸும் ஜூனோனியாவும் அடங்கிய பக்கங்கள் [1819]-ஐச் சேர்ந்தவை. ஆமணக்கு இலைகளை நரம்பு மட்டும் எஞ்சத் தின்னும் காவடிப்புழுவின் பேரினமான அக்கேயா [1823]-இல் வந்தது. அதற்கும் பிந்திய பக்கங்கள் 1825 வரையும் அதைத் தாண்டியும் செல்கின்றன.

மூன்று முதல் பத்து ஆண்டுகள் வரையிலான இந்தப் பின்னடைவின் விளைவு சிறியதன்று. அதே காலத்தில் ஓக்சன்ஹைமர் 1816-இல் ஐரோப்பிய அந்துப்பூச்சிகளுக்குப் பேரினங்களை வகுத்தார். ஸ்டாக்ஹோமில் பில்பெர்க் 1820-இல் தம் சேகரிப்பின் பட்டியலில் புதிய பேரினங்களை வெளியிட்டார். ஹூப்னரின் எல்லாப் பக்கங்களும் 1816 என்றால் அவர் ஓக்சன்ஹைமரோடு சமமாக நின்று போட்டியிடுவார், பில்பெர்க்கை முழுவதும் வெல்வார். ஹெம்மிங்கின் ஆண்டுகளின்படி, வண்ணத்துப்பூச்சிப் பக்கங்கள் ஓராண்டு முந்திப் பில்பெர்க்கிடமிருந்து தப்புகின்றன. அந்துப்பூச்சிப் பக்கங்களோ ஓக்சன்ஹைமருக்குப் பல ஆண்டுகள் பிந்திவிடுகின்றன. ஆகவே ஹூப்னரின் பெயர்களுள் எவை இன்று வழங்குகின்றன, எவை வழக்கிழந்தன என்பதை அவருடைய வகைப்பாட்டின் தரத்தோடு அந்தப் பெயர் விழுந்த பக்க எண்ணும் சேர்ந்தே தீர்மானித்தது.

ஹூப்னருடைய மற்றொரு வெளியீடு, நாள் ஒருபுறமிருக்க, வெளியீடு என்பதே என்ன என்ற கேள்வியை எழுப்பியது. 1806-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் இரண்டு பக்கத் துண்டறிக்கை அது. ‘டென்ட்டாமென்’ என்ற முதற்சொல்லால் குறிப்பிடப்படுகிறது. அதில் பேரினப் பெயர்களும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுச் சிற்றினமும் மட்டும் இருந்தன. அமெரிக்கப் பூச்சியியலாளர் சாமுவேல் ஸ்கட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் முந்துரிமையை வலியுறுத்தியபோது, நிலைபெற்றிருந்த பல பேரினப் பெயர்கள் ஆட்டங்கண்டன. வல்லுநர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வதற்காக அனுப்பப்படுவது என்று அதன் தலைப்பே கூறுவதால், அது பொதுவாக வெளியிடப்பட்டதாகாது என்று ஆணையம் 1926-இல் 97-ஆம் தீர்ப்பில் முடிவு செய்தது. ஒரு தாள் அச்சானால் மட்டும் போதாது, வேண்டுபவர் பெறும்படி அது வெளியே வந்திருக்கவும் வேண்டும் என்ற கருத்து இந்த வழக்கில் வலுப்பெற்றது.

இரண்டு இறகுப் பூச்சிகளான ஈக்கள், கொசுக்கள் வரிசையிலும் இதை ஒத்த ஒரு கலகம் நடந்தது. ஜெர்மானியரான யோஹான் வில்ஹெல்ம் மைகென் 1800-இல் பிரெஞ்சில் ஒரு சிறு நூலை வெளியிட்டு, சிற்றினம் எதையும் குறிப்பிடாமல் பேரினங்களுக்குப் பெயரிட்டார். 1803-இல் அவரே வேறு பெயர்களோடு இன்னொரு கட்டுரையை வெளியிட, உலகம் அந்த இரண்டாம் பெயர்களையே ஏற்றுக்கொண்டது. 1908-இல் வியன்னாவின் ஃபிரீட்ரிஷ் ஹென்டெல் மறக்கப்பட்ட 1800 நூலை வெளிக்கொணர்ந்து அதன் முந்துரிமையை நிலைநாட்ட முயன்றார். கைரோனோமஸ் என்பதை டென்டிப்பஸ் என்றும், சிமூலியம் என்பதை மெலுசினா என்றும் சிலர் எழுதத் தொடங்கினார்கள், மற்றவர்கள் மறுத்தார்கள், அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே குடும்பம் இரண்டு பெயர்களில் நூலகங்களில் வாழ்ந்தது. 1963-இல் ஆணையம் தன் 678-ஆம் தீர்ப்பால் 1800 நூலைப் பெயரிடல் பயன்பாட்டிலிருந்து நீக்கியது. ஐயத்துக்கு இடமில்லாத நாளைக் கொண்ட நூலும் பயன்பாட்டின் நன்மைக்காக ஒதுக்கப்படலாம் என்பதை ஏற்ற இந்த மனநிலையே, 2000-இல் நடைமுறைக்கு வந்த நான்காம் பதிப்பு விதித்தொகுப்பில் பொது விதியாயிற்று: 1899-க்குப் பின் செல்லும் பெயராக வழங்காத மூத்த பெயரை, குறைந்தது 10 ஆசிரியர்களின் 25 ஆக்கங்களில் கடந்த 50 ஆண்டுகளுக்குள் வழங்கிய இளைய பெயருக்காக விட்டுக்கொடுக்கலாம்.

நாள் தேடும் கலையைத் தனித் துறையாக வளர்த்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அவர் சார்ல்ஸ் டேவிஸ் ஷெர்பார்ன். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அமர்ந்து, 1758 முதல் 1850 வரை விலங்குகளுக்குச் சூட்டப்பட்ட எல்லாப் பெயர்களையும், அவை முதலில் வந்த நூல், பக்கம், நாள் ஆகியவற்றோடு சிறு சீட்டுகளில் எழுதிச் சேர்க்கும் பணியை 1890-இல் தொடங்கினார். 1800 வரையிலான பகுதி 1902-இல் அச்சாயிற்று. எஞ்சியது 1922-க்கும் 1933-க்கும் இடையே முடிந்தது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களைக் கொண்ட ‘இண்டெக்ஸ் அனிமாலியம்’ என்ற அந்த அட்டவணையைப் பெரும்பாலும் தனியொருவராகவே அவர் செய்து முடித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நாள் வேண்டும் என்பதால், நாள் தெரியாத நூல்கள் ஒவ்வொன்றையும் பற்றி அவரும் அவருடைய நண்பர்களும் தனிக் கட்டுரைகள் எழுத வேண்டியதாயிற்று. இயற்கை வரலாற்று நூல்விவரத்துக்கென 1936-இல் லண்டனில் ஒரு சங்கம் தோன்றியதும் அவருடைய தூண்டுதலால்தான்.

பகுதிகளாக வந்த நூல்களில் இத்தகைய தேடலுக்கு மிகச் சிறந்த சான்று, ஒவ்வொரு பகுதியையும் மூடியிருந்த மெல்லிய மேலுறைத்தாள். அதில் பகுதியின் எண்ணும், அதில் அடங்கிய பக்கங்களும், படத்தாள்களும், வெளிவந்த மாதமும் அச்சிடப்பட்டிருக்கும். தொகுதியாகக் கட்டும்போது பைண்டர் முதலில் கிழித்து எறிவதும் அதைத்தான். பக்கங்கள் தொடர்ச்சியாக ஓட வேண்டும் என்ற அழகுணர்வில் நூலகங்களே அவ்வாறு செய்யப் பணித்தன. தோலட்டையில் பொன்னெழுத்தோடு கட்டிய அழகிய படிகள் இந்தக் காரணத்தால் ஆய்வாளருக்குப் பயனற்றுப்போக, கட்டாமல் மூலையில் கிடந்து தப்பிய கிழிந்த படி ஒன்று நூற்றுக்கணக்கான பெயர்களின் உரிமையைத் தீர்த்துவைக்கிறது. மேலுறைகளைத் தொகுதியின் இறுதியிலாவது சேர்த்துக் கட்ட வேண்டும் என்ற வேண்டுகோள் இன்றைக்கும் பொருந்தும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பழைய அறிவியல் இதழ்களை இப்போது மறுபடியும் கட்டும் நூலகங்கள் அதை அறிந்திருப்பது அவசியம்.

அறிவியல் சங்கங்களின் நடவடிக்கைத் தொகுதிகள் இதே சிக்கலை வேறொரு வடிவில் தருகின்றன. லண்டன் விலங்கியல் சங்கத்தின் தொகுதிகள் கூட்டம் நடந்த ஆண்டைத் தாங்கி நின்றாலும், ஆண்டின் இறுதிக் கூட்டங்களில் படிக்கப்பட்ட கட்டுரைகள் அடுத்த ஆண்டில்தான் அச்சாகி வெளிவந்தன. இந்தியாவின், இலங்கையின் பூச்சிகளுக்கு நூற்றுக்கணக்கில் பெயரிட்ட ஃபிரெடரிக் மூர் பல கட்டுரைகளை அங்கே வெளியிட்டதால், அவருடைய பெயர்கள் பலவற்றின் பின்னால் ஆண்டு ஒன்று கூடியிருப்பதைக் காணலாம். இலங்கைக்கு மட்டுமே உரிய எலிம்னியாஸ் சிங்களா என்ற பூச்சி, 1874-ஆம் ஆண்டுத் தொகுதியில் இருந்தும், மூர் [1875] என்றே குறிக்கப்படுகிறது. அச்சங்கத்தின் தொகுதிகள் ஒவ்வொன்றும் வெளிவந்த நாள்களைத் திரட்டி 1937-இல் வெளியிட்ட அட்டவணை இல்லையெனில் இந்தத் திருத்தம் இயன்றிராது.

மூரின் பெரும்பணியான ‘இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும்’ என்ற பொருள்படும் நூல், இலங்கை அரசின் ஆதரவில் 1880 முதல் 1887 வரை பகுதி பகுதியாக லண்டனில் வெளிவந்து, மூன்று தொகுதிகளில் 215 வண்ணப் படத்தாள்களோடு நிறைவுற்றது. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த த்வெயிட்ஸின் மேற்பார்வையில், அத்தோட்டத்தின் ஓவியர்களான டி அல்விஸ் குடும்பத்தார் புழு, கூட்டுப்புழு, இறகுப்பூச்சி என மூன்று பருவங்களையும் உயிருள்ள மாதிரிகளைப் பார்த்துத் தீட்டிய படங்களே அவற்றுக்கு அடிப்படையாயின. முதல் தொகுதியின் தலைப்புப் பக்கம் 1880-81 என்று இரண்டு ஆண்டுகளைத் தருவதால், அதில் உள்ள ஒரு பெயர் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதற்குப் பக்க எண்ணைக் கொண்டே விடை காண வேண்டும். பருவமழைக் காலங்களில் கிழக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கு இடையே பெருங்கூட்டமாக இடம்பெயரும் நீல வரிப் பூச்சிகளின் பேரினத்துக்கு மூர் திருமலா என்று பெயரிட்டது நூலின் தொடக்கப் பக்கங்களில்; ஆகவே அது [1880]. பாரன்ட்டிகா என்ற பேரினமும் அதனருகே வருவதால் அதுவும் [1880]. சில்லேடஸ், பாவோரிஸ் ஆகியவை பிந்திய பகுதிகளில் அச்சானவை என்பதால் அவற்றுக்கு [1881] என்று குறிக்கப்படுகிறது.